எஸ்தரிடம் கேட்ட கேள்வி

ஆறாம் நாள் காலையில் முழங்கால் கட்டின் கீழ்விளிம்பில் ஓர் ஈரம் தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. ஆறிப்போன தேநீரின் நிறம். என் மனைவி எஸ்தருக்கு இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவை (தேய்ந்த மூட்டுமுனைகளை அகற்றி உலோகமும் நெகிழியும் பொருத்துவது) முடிந்து, கல்மண்டபம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் கண்ணேறு என்றார். இன்னொருவர், கெட்ட நீர் வெளியேறுவது நல்லதுதானே என்றார். சபையிலிருந்து வந்த நால்வர் கட்டின் மீதே கை வைத்து ஜெபித்தார்கள். ஒருவரும் அதற்கு முன் கை கழுவவில்லை. மருத்துவமனையின் தொலைபேசியை எடுத்த பெண், திங்கட்கிழமை மறுபரிசோதனை இருக்கிறதே, அன்று காட்டினால் போதும் என்றாள். திங்கட்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

மூட்டு அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர் எவரேனும் இதை வாசிக்கக்கூடும். அவருக்குச் சொல்கிறேன்: காயம் கசிந்தால் அன்றே போய் நில்லுங்கள். பொருத்திய உலோகத்தின் மேல் கிருமிகள் தமக்கென ஒரு மெல்லிய போர்வையை நெய்துகொள்ளும். அதன் பிறகு மருந்து அவற்றை எளிதில் தீண்டாது. நாங்கள் அந்த நான்கு நாளை மரியாதையோடு காத்திருந்து வீணடித்தோம்.

இவர்கள் அனைவரையும் நான் இகழ்கிறேன். ஆனால் இகழத்தக்கவர்களின் வரிசையில் முதலிடம் வேறொருவருக்கு உரியது.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். கேள்விக்கு விடை சொல்வது என் தொழில். அந்தத் தொழிலை வீட்டிலும் நடத்தினேன். வங்கியில், ரேஷன் கடையில், மருத்துவரின் முன்னால், எஸ்தரை நோக்கிக் கேட்கப்பட்ட எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அவளுடைய பேச்சு வெளியார் காதில் விழுவதில் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அறுவைக்கு முந்தைய மாதம் பெய்த மழையில் எங்கள் தெருவில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. சாக்கடையும் கடலும் கலந்த கறுப்பு நீர். எஸ்தர் அதில் நடந்துதான் பின்கட்டுக்குப் போய்ச் சமைத்தாள். நான் மாடியில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு அவள் கால்விரல்களுக்கு இடையே மஞ்சள் குழைத்துப் பூசத் தொடங்கினாள். "பாதத்தைக் குழம்பு வைக்கப் போகிறாயா?" என்று கேலி செய்தேன். அவள் சிரித்தாள்.

கூடையில் மீன் கொண்டுவரும் தேசம்மா வாசற்படியில்தான் உட்காருவாள்; எஸ்தரை 'ஆயா' என்றுதான் அழைப்பாள். முழங்கால் மடங்காததால் எஸ்தர் அவளுக்கு எதிரே காலை நீட்டியபடி அமர்ந்து விலை பேசுவாள். எனவே அந்தப் பாதங்களை நேருக்கு நேர் பார்த்த ஒரே ஆள் தேசம்மாதான். அறுவைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"வாத்தியாரே, இங்க வா. ஆயா வெரல் இடுக்க பாத்தியா? வெந்து போயி கீது. சேத்துப்புண்ணு. இத ஆத்தாம காலுல கத்தி வெக்காத."

"நீ மீனை மட்டும் வெட்டு, தேசம்மா."

"அய்ய, மீனு வெட்றவ கைக்குத்தான் தெரியும், எங்க கெட்டு கீதுன்னு. பெரிய படிப்பு படிச்சிகீறியே, குனிஞ்சி பாத்தா கொறஞ்சா பூடுவ?"

எஸ்தர் அவளை அடக்கினாள். "சும்மா இரு புள்ள. அவுகளுக்குத் தெரியாததா?"

நான் குனியவில்லை. அந்தப் பேச்சு என் காதில் ஓசையாக விழுந்தது, செய்தியாக விழவில்லை.

மருத்துவமனையில் தந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. உடலில் புண் உண்டா, சொத்தைப்பல் உண்டா, சிறுநீர் எரிச்சல் உண்டா? அவளுக்குப் படித்துக் காட்டாமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று நேர்த்தியான கையெழுத்தில் நிரப்பினேன். பிறகு அறுவை மருத்துவர் வந்தார். எஸ்தரின் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "உடம்புல எங்கேயாவது புண், வெடிப்பு, அரிப்பு ஏதாவது இருக்காம்மா?"

"நத்திங், டாக்டர்" என்றேன் நான்.

அவர் இன்னும் அவளையே பார்த்தார். அவள் சிரித்தாள். "எல்லாத்துக்கும் அவுகளே சொல்லிருவாக, டாக்டர்."

அவரும் சிரித்தார். மருத்துவமனைக் குளிருக்கு அவள் அணிந்திருந்த காலுறையைக் கழற்றச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அரை நிமிட வேலை.

திங்கட்கிழமை அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். காயத்தைத் திறந்து, அழுகிய திசுவை வெட்டிக் கழுவினார்கள். அதற்கு மூன்றாம் நாள் மறுபடியும் கழுவினார்கள். அறுவை மருத்துவர் என்னிடம் வந்து, உணவகத்தில் பலகாரப் பட்டியல் ஒப்பிப்பவரைப் போல, "வயசு, சர்க்கரை, உடல் எடை, எல்லாமே ரிஸ்க் ஃபேக்டர்ஸ், சார்" என்றார். அவை பொய்யல்ல. சர்க்கரை கூடினால் காயம் ஆறத் தாமதிக்கும், புகைபிடிப்பவருக்கும் அப்படியே. ஆனால் அந்தச் சொல்லை அவர் எனக்கு அறுவைக்கு முன் சொல்லவில்லை. முன்னால் சொன்னால் அது எச்சரிக்கை. பின்னால் சொன்னால் அது குடை, அவர் நனையாமலிருக்க.

தொற்றுநோய் மருத்துவர் (கிருமித்தொற்றுக்கு மருந்து தேர்ந்து தருபவர்) ஓர் இளம்பெண். அவர் முழங்காலைப் பார்ப்பதற்கு முன் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். கையுறை அணிந்த விரல்களால் எஸ்தரின் கால்விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். நான்காவது இடுக்கில் தோல் வெளுத்து, பிளந்து, உள்ளே சிவந்திருந்தது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

வழக்கம்போல விடை சொல்ல வாயெடுத்தவன், முதன்முறையாகக் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்த எஸ்தர் கண்ணைத் திறந்தாள்.

"மழைத் தண்ணியில நின்னது, டாக்டர். நாந்தான் யார்ட்டயும் சொல்லாம விட்டுட்டேன்."

அது பொய். அவள் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

வெளியே வந்து அந்த மருத்துவர் என்னிடம் சொன்னார்: "கிருமி இந்தப் புண் வழியாத்தான் வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது, சார். ஆனா இதை ஆத்திட்டுத்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கணும். ரெண்டு வாரம் களிம்பு போட்டு, ஈரமில்லாம வச்சிருந்தாப் போதும்." அவரை மட்டும் என்னால் இகழ முடியவில்லை.

முதல் அறுவை முடிந்த பதினெட்டாம் நாள் தொற்று இரத்தத்தில் ஏறியது. சிறுநீரகங்கள் முதலில் நின்றன. இருபத்தொன்றாம் நாள் எஸ்தர் இறந்தாள்.

துக்கம் கேட்க வந்தபோது தேசம்மா கூடை கொண்டுவரவில்லை. சொன்னேனே என்று அவள் ஏசுவாள் என எதிர்பார்த்தேன். ஏசினால் சற்று இலகுவாக இருந்திருக்கும். அவள் படியில் அமர்ந்து மூக்கைச் சிந்தினாள். "ஆயா உன்ன ஒருநாளும் உட்டுக் குடுக்கல வாத்தியாரே. நான் திட்னாக்கூட, அவுக பாத்துக்குவாகன்னு சொல்லிகினே இருந்துச்சி."

மனிதனின் இரு பாதங்களிலும் சேர்த்து எட்டு விரலிடுக்குகள் உள்ளன. அறுபத்தொன்பது வயதுவரை நான் அவற்றை எண்ணியதில்லை. காலையில் குளித்ததும் எட்டையும் துடைக்கிறேன். மாலையில் கால் கழுவியதும் மறுபடி எட்டையும் துடைக்கிறேன். என் நாள் இப்போது அந்த இரண்டு துடைப்புகளுக்கு இடையில் கிடக்கிறது. உடம்பு தலையிலிருந்து தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன்.

சென்ற வாரம் என் கண்புரை அறுவைக்கான பரிசோதனை. எதிரே இருந்த இளைஞர் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "உடம்புல வேற எங்கேயாவது புண், காயம் இருக்கா, சார்?"

நான் குனிந்து காலணியையும் காலுறையையும் கழற்றினேன். பாதத்தை முக்காலியின் மேல் வைத்து விரல்களை விலக்கிப் பிடித்தேன்.

"சார், இது கண் ஆபரேஷன். கால் வேணாம்."

"பாருங்கள்" என்றேன்.