எண்ணெய் அண்ணாச்சியின் குளிர்ந்த கை

“1979, ஆடி. பேரருவியில் வெள்ளம். எண்ணெய் தேய்க்கும் அண்ணாச்சி வழுக்கி விழுந்தார். பேச்சுமூச்சில்லை. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சற்று நேரத்தில் இருமினார்.” என் குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில், என் கையெழுத்திலேயே, “கதைக்கு ஆகும்” என்றொரு வரி.

அப்போது தென்காசியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திவந்தோம். மாதம் ஒரே பிரதி. வீடு வீடாகச் சுற்றி, ஓரம் கிழிந்து திரும்பி வரும். வெளிநாட்டுக் கதைகளில் பிணங்கள் எழுந்து நடப்பதையும், அவை கடித்தவர்களும் பிணமாகி நடப்பதையும் படித்துக் கிறங்கியிருந்த காலம் அது. அண்ணாச்சியை அப்படியொரு பிணமாக்கினேன். பசி அடங்காத பிணம். அது எண்ணெய் தேய்த்துவிட்டவர்களெல்லாம் உடல் சில்லிட்டு அதன் பின்னாலேயே நடந்து போவார்கள். பெயரை மாற்றினேன். அருவியையும் கால்விரல்களைக் கட்டியதையும் மாற்றவில்லை.

அடுத்த சாரல் சீசனுக்குள் கதை பத்திரிகையை விட்டு இறங்கிவிட்டது. செங்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னிடமே சொன்னார்: “அந்த ஆளு கை பட்டா சில்லுனு இருக்காம்லா. செத்துப் பொழச்சவன் கைலா. ஆய்க்குடில ஒருத்தன் தேச்சிட்டு வந்து படுத்தவன்தான், எந்திரிக்கவே இல்லயாம்.”

ஆய்க்குடியை நான் எழுதவே இல்லை. அது கதை, எழுதியவன் நான்தான் என்றேன்.

“நடந்ததத்தானவே எழுதியிருக்கீரு?” என்று சிரித்தார்.

நாள் முழுக்கச் சாரலிலும் எண்ணெயிலும் ஊறும் கை வேறெப்படி இருக்கும்? ஆனால் அருவிக்கரையில் மற்றவர்களிடம் ஆட்கள் காத்து நிற்க, அண்ணாச்சியின் பலகை மட்டும் காலியாகக் கிடந்தது. அடுத்த இதழில் நடந்ததை நடந்தபடி எழுதி மறுப்பு வெளியிட்டேன். அந்தப் பக்கம் மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வந்தது. பிறகு நேரே போய், எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி அவர் முன் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன். உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டிக்கொண்டே கேட்டார்: “ஒம்ம கதையில எனக்குப் பசி அடங்காதாம்லா?”

கிண்ணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எண்ணெயை வழித்து உச்சியில் வைத்தார்.

“அது மட்டும் நெசந்தான்வே.”

கை சில்லென்றுதான் இருந்தது. விறைத்திருந்தது என் கழுத்து.

1981 சீசனில் அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார். அண்ணாச்சி புளியங்குடியில் லாரிக்கு எலுமிச்சை மூட்டை ஏற்றுவதாகச் சொன்னார்கள். தேடிப் போக எனக்குத் துணிவு வரவில்லை. இருமி எழுந்தவர் உயிருள்ள மனிதர். உயிரில்லாமல் ஊரெல்லாம் நடந்ததும், கேட்டவரைக் கடித்ததும், கடிபட்டவரை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பியதும் என் கதை. இது விளங்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

1986-இல் அவர் இறந்துபோனதாக இருவர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஆடி என்கிறார், மற்றவர் ஐப்பசி என்கிறார். இருவரும் நேரில் பார்த்தவர்கள் அல்லர். குறிப்பேட்டில் அந்தச் சிவப்பு வரியை நான் அழிக்கவில்லை. அதன் கீழே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: “இறந்ததாகக் கேள்வி. உறுதிசெய்யப்படவில்லை.”