சின்னக்கருப்பின் இடது பக்கம்

சின்னக்கருப்புக்கு இடது கண் தெரியாது என்பது முதலில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு, அவன் பெண்டாட்டி மீனாளுக்கு, மீனாளின் அண்ணனான எனக்கு. வைக்கோல் பாரம் ஏற்றும்போது கயிறு அறுந்து கண்ணில் அடித்தது. மதுரையில் காட்டினோம். பார்வை போனது போனதுதான் என்றுவிட்டார்கள். வெளியே பார்த்தால் நல்ல கண் மாதிரியே இருக்கும். அதனால் மறைத்துவிட்டோம்.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. நேமத்தான்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அய்யனார் கோயில் திருவிழாவில் சிலம்பம் நடக்கும். முதல் கம்பு எடுக்கும் உரிமை சின்னக்கருப்பு வீட்டுக்கு. எடுக்கிறவனுக்கு அங்கக் குறை இருக்கக் கூடாது. இருந்தால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி என்றால் சேதுபதி. அவனும் நல்ல கம்புக்காரன்தான். இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு ஓயாது.

மற்றபடி சின்னக்கருப்பு என்ன பெரிய ஆள்? கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு. செக்காலைக் கடைகளுக்குக் கடலை மூட்டை ஏற்றிப் போவான். யாரிடமும் அதிகம் பேசமாட்டான். கம்பை எடுத்தால்தான் நாலு பேர் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அறுபத்தாறில் சர்க்காரில் கலைக்குழு என்று ஒன்று சேர்த்து சின்னக்கருப்பு, சேதுபதி, நான் என்று எங்கள் மூவரையும் எகிப்துக்கு அனுப்பினார்கள். கூட வந்த அதிகாரி சத்தியமூர்த்தி, மதராஸ்காரர். பெரிய ஊர்களில் மேடையில் கம்பு சுற்றிக் காட்டினோம், கைதட்டினார்கள், அவ்வளவுதான். தெற்கே நைல் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊருக்குப் போனபோதுதான் வம்பு வந்தது. சுற்றிலும் கரும்புக் கொல்லை. அந்த ஊர்க்காரர்களும் கம்பு விளையாடுகிறவர்கள்.

எங்கள் ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் நீள அங்கியைச் சுருட்டிக்கொண்டு களத்துக்குள் வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் குட்டையான, கனத்த கம்பு. சின்னக்கருப்பைப் பார்த்து அதை உயர்த்தினார். அந்த ஊர் வாத்தியார் இங்கிலீஷில் சொன்னதைச் சத்தியமூர்த்தி எங்களுக்குச் சொன்னார்.

“உங்களோட ஒரு கை விளையாடணுமாம். மாட்டேன்னா தப்பா எடுத்துப்பாங்க. லேசாத் தொட்டா போதும், அடிச்சுடாதீங்க.”

நான் சின்னக்கருப்பின் காதோடு சொன்னேன். “மாப்ள, வயித்துவலின்னு சொல்லிரு. நான் போறேன்.”

“சேதுபதி பாக்குறான் மச்சான்,” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

எடுத்த எடுப்பில் குனிந்து கம்பால் பெரியவரின் கணுக்காலைத் தொட்டான். எங்கள் ஊராக இருந்தால் விசில் பறக்கும். இங்கே சனம் மொத்தமும் கத்திக்கொண்டு எழுந்தது. கம்பு வைத்திருந்த இளவட்டங்கள் களத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். சத்தியமூர்த்திக்கு முகம் வெளுத்துப்போனது.

“கால்ல அடிக்கிறது இங்க அசிங்கமாம். தலையைத் தொட்டாத்தான் கணக்காம். தலை மட்டும்.”

காலுக்கு விளையாடினால் குனிந்து, விலகி, எப்படியோ சமாளிப்பான். தலைக்கு என்றால் நேருக்கு நேர் நிற்க வேண்டும், இடப்பக்கம் வரும் வீச்சு தெரியாது.

பெரியவர் இளவட்டங்களைக் கையமர்த்தினார். மேளம் மறுபடி அடித்தது. சின்னக்கருப்பு எப்போதும் வலது தோளை முன்னே விட்டுத்தான் நிற்பான். பெரியவர் சுற்றச் சுற்ற அவனும் திரும்பிக்கொண்டே இருந்தான். திடீரென்று அவர் காலை மாற்றி இடப்பக்கம் வந்துவிட்டார். கம்பு அவன் இடது நெற்றிப்பொட்டை நோக்கி வந்தது. இவன் எதிரே வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கம்பு நாலு விரல் தள்ளி நின்றது. அப்போதும் இவன் இமைக்கவில்லை.

பெரியவர் அந்தக் கண்ணையே பார்த்தார். பிறகு கம்பை இழுத்துக்கொண்டு, நடந்து போய் அவன் வலப்பக்கம் நின்றார். அதற்கப்புறம் ஒருதரம்கூட இடப்பக்கம் வரவில்லை. வலப்பக்கமே வந்து வந்து இவன் கம்புக்குள் மாட்டினார். கடைசியில் இவன் வீச்சு அவர் தலைப்பாகையில் பட்டது.

சொந்த ஊர்ச் சனமே பெரியவரைப் பார்த்து ஊளையிட்டது. தொட வாய்த்தும் தொடாமல் விலகினால் பயந்தான் என்றுதானே நினைப்பார்கள்? அவர் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு நின்றார்.

சேதுபதி சிரித்தான். “கெழடு ஒனக்குப் பயந்து ஒதுங்கிருச்சுடா. ஊருக்குப் போயிச் சொல்லணும்.”

சின்னக்கருப்பு கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். பேசாமல் இருந்தால் ஜெயித்தவன். கண் விஷயமும் அப்படியே அமுங்கிப்போகும். என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

“அய்யா,” என்று சத்தியமூர்த்தியைக் கூப்பிட்டான். “எனக்கு எடது கண்ணு தெரியாது. அதைக் கண்டுக்கிட்டுத்தான் அவுக அடிக்காம விட்டாக. ஜெயிச்சது அவுகதான். எல்லாருக்கும் கேக்குறாப்புல சொல்லச் சொல்லுங்க.”

“ஏன்யா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“இப்பச் சொல்றேன்ல. சொல்லச் சொல்லுங்க.”

வாத்தியார் சொன்னார். சத்தம் அடங்கியது. பெரியவர் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். வாத்தியார் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சேதுபதி கம்புகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே கேட்டான். “அப்ப முதல் கம்பு?”

“எடுத்துக்க.”

“ஊருக்குப் போயி மாத்திப் பேசமாட்டியே?”

“இம்புட்டுச் சனத்துக்கு முன்னால சொல்லிட்டேன். இனி என்னத்தடா மாத்த?”

மீதி ஊர்களில் அவனை ஆடவிடவில்லை. அவன் பங்கையும் நானே ஆடினேன். ஊர் திரும்பியதும் மீனாள் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“பக்கத்துலதானே நின்ன? அது வாயப் பொத்தியிருக்க வேண்டாமா நீ?”

அந்த வருஷம் முதல் கம்பைச் சேதுபதி எடுத்தான். மாலை, பரிவட்டம் எல்லாம் அவனுக்கு. அடுத்த கம்புக்குச் சின்னக்கருப்பு இறங்கினான். எதிரே நின்றவன் பாவம் பார்த்து வலப்பக்கமாகவே வீசிக்கொண்டிருந்தான்.

“அங்குட்டும் வாடா,” என்றான் சின்னக்கருப்பு.

இடது தோளில் ஒன்று விழுந்தது. தடவிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி நின்று விளையாடினான்.