தீர்த்தம் குடித்த கொம்பியூட்டர்

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில், பாகங்களைச் சேர்த்து கேம் கொம்பியூட்டர் பூட்டித் தரக் கேட்டு ஜெஸ்லியாவிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே காசைப் பற்றித்தான் கதைப்பார்கள். அவள் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவாள்.

"அது இருக்கட்டும். என்ன கேம் விளையாடப் போறீங்கள்? எந்தத் திரையில? வீட்டில கரண்ட் எப்பிடி, மினுங்கி மினுங்கி வாறதோ?"

கடற்தொழில் செய்யும் பஸ்ரியன் தன் மகளுக்கென்று வந்தபோது, ஏதோ பெரிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றின் பெயரை மகளிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார். கொண்டுவந்த காசு அந்தக் கார்ட்டுக்கே காணாது.

"அண்ணை, உங்கட சின்ன வள்ளத்துக்கு நாப்பது குதிரை எஞ்சின் பூட்டுவீங்களோ?"

"விசரே? பின்பக்கம் பிஞ்செல்லோ போகும்!"

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் அப்பிடிக் கேக்கிறீங்கள்?"

கொழும்பில் ஒரு கந்தோர், வேலைக்குப் பாவித்துப் பழசென்று கழித்துவிட்ட கொம்பியூட்டர்ப் பெட்டியை எடுப்பித்து, பாவித்த கார்ட் ஒன்றைப் போட்டு, ராம் மெமரியை மட்டும் கூட்டிக் கொடுத்தாள். மகளின் கார் ஓட்டும் கேம் அதில் தடங்கலில்லாமல் ஓடியது. தலைமன்னார் சுவேதினிக்கு வேறு கணக்கு. வேலை கிடைத்த புதிதில் வந்தவள். அவளுக்கு நல்ல மதர்போட்டும் புரொசெசரும் போட்டு, "கார்ட் இப்ப சுமாரானது காணும். கையில காசு சேர்ந்தாப் பிறகு அதை மட்டும் மாத்துவம்" என்று இடம் விட்டு வைத்தாள்.

எந்த விலைப் பெட்டியானாலும் ஒன்றில் மட்டும் ஜெஸ்லியா கை இறுக்கமாட்டாள். பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தத் தகரப் பெட்டியை யாரும் பார்ப்பதுமில்லை, அதைப் பற்றி யாரும் பீற்றிக்கொள்வதுமில்லை. ஆனால் தீவின் கரண்டையும் உப்புக் காற்றையும் அவளுக்குத் தெரியும்.

கொழும்பில் கொம்பியூட்டர் கடையொன்றில் இருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டின் முன்னறையில் இந்தத் தொழிலைத் தொடங்கியிருந்தாள். பெரிய ஓடர் ஒன்றும் வந்தபாடில்லை. மன்னார்ச் சனம் பெரிய சாமான் என்றால் கொழும்புக்குத்தான் பஸ் ஏறும். பழைய முதலாளியோ, "மாத முடிவு வரைக்கும் உன் இடத்தைக் காலியாக வைத்திருப்பேன்" என்று சொல்லியிருந்தார். நோர்வேயில் இருக்கிற அண்ணன் றெனால்ட் ஞாயிறு தவறாமல் போன் எடுப்பான். "சம்பள வேலையை விட்டிட்டு அங்க என்னடி செய்யிறாய்? எனக்கு நித்திரை வரேல்ல" என்பான். அவளுக்கும்தான் சில நாள் வரவில்லை. ஆனால் கொழும்புக்குத் திரும்பிப் போக மனமில்லை.

அந்த நேரத்தில்தான் ஜவாஹிர் வந்தார். மன்னார் பட்டினத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம்; ஊரில் எல்லாருக்கும் 'நானா', அண்ணன். மேல்மாடியில் கேம் சென்ரர் திறக்கப் போகிறார், ஆறு கொம்பியூட்டர் வேண்டும்.

"முதல்ல ஒண்டைப் பூட்டித் தாங்கோ தங்கச்சி. ஒரு கிழமை ஓட்டிப் பாக்கிறன். நிக்காம ஓடினா மிச்ச அஞ்சும் உங்களுக்கு. நிண்டுதோ, நான் கொழும்புக்கு."

"சரி நானா."

"உள்ளுக்குள்ள கலர் கலரா லைட் எரியவேணும். பொடியள் அதைப் பாத்துத்தான் படி ஏறுவாங்கள்."

"லைட்டுக்குச் சிலவழிக்கிறதை நல்ல பவர் சப்ளைக்குப் போடுவம். பொடியளைக் கூப்பிட, வாசல்ல கலியாண வீட்டு பல்ப் கட்டிவிடுங்கோ."

"என்ர கடையைக் கலியாண வீடாக்கப் போறீங்கள்!" என்று ஜவாஹிர் முனகினார். பிறகு, "சரி, உங்கட விருப்பம். நிண்டா நீங்கள்தான் பொறுப்பு" என்றார்.

பெட்டியைப் பூட்டி, நாலைந்து கேம் போட்டு ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே ஜெஸ்லியா அதை முன்னறை மேசையில் வைத்தாள். அடுத்த நாள் காலையில் ஜவாஹிர் எடுக்க வருவதாக இருந்தது. விடிந்ததும், அவர் வருமுன் கடைசியாக ஒருதரம் போட்டுப் பார்ப்போம் என்று சுவிட்சை அமத்தினாள். பெட்டிக்குள் விசிறி ஒருமுறை அசைந்தது. 'டிக்' என்றது. நின்றுவிட்டது.

திரும்ப அமத்தினாள். திரும்பவும் டிக்.

பெட்டியின் மேல்மூடி வெப்பம் போவதற்காகச் சல்லடை போல இருக்கும். அதன்மேல் ஈரம் மினுங்கியது. திரும்பிப் பார்த்தால் அம்மா அன்ரோனெற், மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தலும் கையுமாக வாசலில் நிற்கிறார்.

"அம்மா! இதுக்குத் தெளிச்சனீங்களோ?"

"தெளிக்காமல்? உன்ர முதல் பெரிய வேலையெல்லோ. அப்பான்ர வள்ளத்துக்கும் தெளிச்சனாங்கள், உன்ர ஸ்கூட்டிக்கும் தெளிச்சனாங்கள். வள்ளம் மூழ்கிப் போச்சுதோ?"

"வள்ளம் தண்ணியிலதானே அம்மா கிடக்கிறது!"

"தீர்த்தம் ஒரு கெடுதலும் செய்யாது பிள்ளை."

"தீர்த்தம் செய்யாது. அதுக்குள்ள கிடக்கிற உப்பு செய்யும்."

"அது பாதர் ஆசீர்வதிச்சுத் தீர்த்தத்தில கலந்த உப்பு" என்றார் அம்மா. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

ஜெஸ்லியா வயரைக் கழற்றிவிட்டுக் குனிந்து மணந்து பார்த்தாள். கருகல் மணம் இல்லை. பக்கக் கண்ணாடியைத் திறந்தால், கார்ட்டின் முதுகில் துளித்துளியாகத் தீர்த்தம். கார்ட்டைக் கழற்றி, ஸ்பிரிட் தோய்த்த மெல்லிய பிரஷால் மெதுவாகத் துடைத்து, மதர்போட்டையும் துடைத்து, எல்லாவற்றையும் மேசை விசிறிக்கு முன்னால் பரப்பினாள். ஆறு பெட்டியும் போய், பள்ளிமுனையும் போய், கொழும்பு பஸ்ஸில் ஏறி இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

வெளியே ஆட்டோ நிற்கும் சத்தம். ஜவாஹிர்.

"கரண்ட் போயிட்டுது எண்டு சொல்லு" என்று அம்மா காதுக்குள் சொன்னார்.

"விசிறி சுத்துது அம்மா."

ஜவாஹிர் உள்ளே வந்து, பரவிக் கிடந்த துண்டுகளைப் பார்த்துத் திகைத்து நின்றார். "தங்கச்சி, இது என்ன, மீன் காயப்போட்ட மாதிரி?"

ஜெஸ்லியா ஒன்றும் ஒளிக்கவில்லை. தீர்த்தம், உப்பு, டிக் சத்தம் எல்லாம் சொன்னாள். அன்ரோனெற் போத்தலைச் சேலைத் தலைப்பில் மறைத்தார். ஜவாஹிர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"பூட்டுங்கோ. பாப்பம்."

ஒவ்வொன்றையும் தொட்டு ஈரம் காய்ந்ததைப் பார்த்துப் பூட்டினாள். சுவிட்சில் விரலை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அமத்தினாள். விசிறி அசைந்தது. நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது.

"அப்ப முதல் ஏன் நிண்டது?" என்று கேட்டார் ஜவாஹிர்.

"ஈரத்தில ஷோர்ட் ஆனதும் பவர் சப்ளை தன்பாட்டில கரண்டை வெட்டிப்போட்டுது. மலிவானதைப் போட்டிருந்தா அனேகமா எல்லாத்தையும் எரிச்சிருக்கும்."

"நான் கேட்ட லைட்?"

"அது வடிவா மின்னி மின்னி எரிஞ்சிருக்கும் நானா."

ஜவாஹிர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கட ஆக்கள் எண்டா ஓதி ஊதிறதுதான் அம்மா. வெறும் காத்து. கொம்பியூட்டருக்கும் நல்லது!" அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உப்புத் தண்ணி குடிச்சும் எழும்பிட்டுது, இனி என்னத்தைச் சோதிக்கிறது? மிச்சத்தையும் பூட்டுங்கோ."

"இல்லை நானா. உப்பு பிறகும் அரிக்கும். சொன்ன மாதிரி ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கோ."

அந்தக் கிழமை அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஜவாஹிரோ என்று ஓடிவந்து பார்த்தாள். கடைசியில் அவர் எடுத்தபோது பின்னால் பொடியளின் கூச்சல். "எழும்பிப் போகச் சொன்னாலும் போறாங்களில்லை. அஞ்சையும் கெதியாத் தாங்கோ. வாசலுக்கு பல்ப் கட்டியாச்சு!"

ஞாயிறு அண்ணன் எடுக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அவளே எடுத்தாள். "அண்ணா, கொழும்பு முதலாளிக்குச் சொல்லிப்போட்டன், என்ர இடத்தை வேற ஆருக்காவது குடுக்கச் சொல்லி. நீ படுத்து நித்திரை கொள்ளு."

ஐந்து பெட்டிகளும் பூட்டி முடிந்து முன்னறையில் வரிசையாக நின்ற காலையில், அன்ரோனெற் வாசலோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தல் கையில்தான் இருந்தது. ஜெஸ்லியா எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிக்குள் இறக்கி, மேலே பிளாஸ்ரிக் விரிப்பைப் போட்டு, ஓரம் ஓரமாக இழுத்துவிட்டாள்.

"இப்ப தெளியுங்கோ அம்மா. நல்லாத் தெளியுங்கோ."