தம்பியின் மணிக்கட்டு

என் கணவர் கடலோடு போன பிறகுதான் என் தம்பி கஞ்சா குடிக்கத் தொடங்கினான். இரண்டு பேரும் ஒரே தோணியில் வேலை பார்த்தார்கள். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி, நடுக்கடலில் காற்றில் மாட்டி மூழ்கியது. அந்த வழியே வந்த சரக்குக் கப்பல் ஒன்று, மிதந்துகொண்டிருந்தவர்களைத் தூக்கியது. அவர்களில் தம்பி இருந்தான். என் கணவர் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவனின் தோல் உப்பில் வெந்து உரிந்திருந்தது. "அத்தானுக்கு என்னல ஆச்சி?" என்று கேட்டேன். "தெரியலக்கா. ஒரே இருட்டு" என்றான்.

கல்யாணம் ஆகாதவன். தருவைகுளத்தில் என் வீட்டிலேயே தங்கிக்கொண்டான். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும்போது மொட்டை மாடியிலிருந்து அந்த வாடை இறங்கி வரும். பீடித் தூளைத் தட்டிக் கொட்டிவிட்டு, கஞ்சா இலையை அடைத்துக் குடிப்பான். தெருவில் அவனைக் கஞ்சாக்காரன் என்றார்கள். அத்தான் செத்த துக்கத்தைச் சாக்கு வைத்துச் சொகுசாகப் படுத்துக் கிடக்கிறான் என்றார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குப் போய் என் மகளையும் வளர்த்துக்கொண்டு நான் நிற்கும்போது, இவனுக்கு மட்டும் என்ன என்று எரிச்சலாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அவன் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துக் கக்கூஸில் கொட்டினேன்.

அவன் சண்டை போடவில்லை. "அக்கா, நீ கொட்டிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான்.

சனிக்கிழமை மதியம் குழாயில் தண்ணீர் விட்டார்கள். என் மகள் டியூபை டிரம்முக்குள் போட்டாள். தண்ணீர் இரைந்து விழுந்த சத்தத்தில், பக்கத்து அறையில் கண் அயர்ந்திருந்த தம்பி அலறிக்கொண்டு எழுந்தான். கதவு திறந்துதான் கிடந்தது. வழி தெரியாதவன் போல ஜன்னல் கண்ணாடியைக் குத்தி உடைத்தான். வலது கை முழுக்க ரத்தம். அந்தக் கையை அவன் பார்க்கவே இல்லை. இடது மணிக்கட்டைத்தான் எதிலிருந்தோ பிடுங்குகிறவன் போலத் திருகிக்கொண்டிருந்தான். மகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர்கள், திங்கட்கிழமை மனநலப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். அங்கே இருந்தது வயது குறைந்த பெண் டாக்டர். வெளியூர்ப் பேச்சு. கஞ்சா என்று நான் சொன்னதும் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தம்பியிடம், எப்போது குடிப்பீர்கள், ஒரு பொட்டலம் எத்தனை நாள் வரும் என்று கேட்டார்.

"முன்னால ஒரு வாரம் வந்துச்சி. இப்பம் மூணு நாளுகூடத் தாங்காது."

"சரி. இப்ப நான் சில காரணம் சொல்றேன். எப்பவுமா, சில நேரமா, இல்லவே இல்லையான்னு சொல்லுங்க. கூட்டாளிங்களோட ஜாலியா இருக்கக் குடிக்கிறீங்களா?"

"இல்ல."

"தூங்க?"

"எப்பமும்."

"கனவு வராம இருக்க?"

"எப்பமும்."

"உடம்புல ஏதாவது உணர்ச்சி வந்து, அதை நிறுத்த?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் அதைக் கவனித்துவிட்டு, "அக்கா வெளிய இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அவளும் கேக்கட்டும்" என்றான்.

பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒரு காலி டீசல் கேனை அவனும் என் கணவரும் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். என் கணவர் கேனை விட்டுவிட்டு அவன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடியும்போது அவர் தலை தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. பேச்சு இல்லை. கேன் அமுங்கியது.

"விரலை ஒவ்வொண்ணா எடுத்துவுட்டேன். உயிரு இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது டாக்டர். அந்தப் பிடி இன்னும் இங்கன இருக்கு. குடிச்சாத்தான் மரத்துப்போவுது."

நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். அழுகை வரவில்லை. என் கணவரின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுக்க எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும்? எளிதாகவே வந்திருந்தால் அவர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார் என்று அர்த்தமா? அதை அவனிடம் கேட்கலாம். இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டில் சோறு போட்டேன். "ஏதாச்சும் சொல்லுக்கா" என்றான். "சாப்பிடுல" என்றேன்.

மாத்திரை தொடங்கினார்கள். அவனைத் தனியாக உட்கார வைத்து, நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசவும் வைத்தார்கள். பேசிவிட்டு வந்த நாட்களில் வாந்தி எடுத்தான். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அதே கேள்விகளைக் கேட்டார். பொட்டலம் குறைந்தது. ஒருமுறை நான் அதைச் சந்தோஷமாகச் சொன்னபோது, "அளவு குறைஞ்சது நல்லதும்மா. ஆனா காரணம் இன்னும் மாறல" என்றார். அவர் சொன்னது சரிதான். புயல் கூண்டு ஏற்றிய ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகி, அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியிருந்தது. கல்லறைத் திருநாளன்று, கல்லறையே இல்லாத அப்பாவுக்கு எங்கே மெழுகுதிரி வைப்பது என்று மகள் கேட்டாள். அதைக் கேட்டுவிட்டு வெளியே போனவன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

இப்போது ஆறுமுகநேரியில் உப்பு லாரிக்குக் கிளீனராகப் போகிறான். கடலுக்குப் போவதில்லை. போன மாதம் டாக்டர் கேட்டபோது, ஒரே ஒரு நாள் குடித்ததாகச் சொன்னான்.

"அன்னைக்கு எதுக்கு?"

"கூட வேலை பாக்குறவனுக்குக் கல்யாணம். எல்லாரும் குடிச்சானுவ. நானும் குடிச்சேன்."

அதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். எனக்கோ, காரணம் மாறிவிட்டதே என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. தம்பி கஞ்சா குடித்ததற்கு நிம்மதிப்படுகிற இடத்துக்கு வந்துவிட்டோமே என்று கேவலமாகவும் இருந்தது.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது, "உனக்கு என்மேல வெறுப்பா இருக்காக்கா?" என்று கேட்டான்.

"சில நாளு இருக்குல" என்றேன்.

"சரிக்கா" என்றான். வெயில் என்மேல் விழாதபடி மறைத்து நின்றுகொண்டான்.