வார்டுக் குழாயில் தண்ணீர் தந்தார்

போன சித்திரையில், உப்பு வாரும் மும்முரத்தில், அப்பாவின் வலது காலில் மண்வெட்டி பட்டுவிட்டது. எங்கள் மரக்காணம் உப்பளத்தில் இதற்கெல்லாம் யாரும் மருந்து தேடுவதில்லை. "உப்பு எல்லாத்தையும் கொன்னுடும்" என்று பாத்தித் தண்ணீரிலேயே காலை வைப்பார்கள். அப்பாவும் வைத்தார். அவருக்குச் சர்க்கரை வேறு. கால் வீங்கிச் சீழ் கோத்த பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் புண்ணைக் கீறிச் சீழை எடுத்தார். "சுத்தமா வெச்சுக்கணும். மறுபடி கிருமி ஏறினா காலை எடுக்கறதைத் தவிர வழியில்ல" என்றார்.

பாத்தி மண்ணை மிதித்து இறுக்குவதுதான் அப்பாவின் வேலை. கால் போனால் அவருக்கு என்ன மிச்சம்?

நான் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். புதுச்சேரியில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் வேலை. கிருமி எந்த வழியாக வரும் என்று பார்ப்பதே என் பிழைப்பு. வார்டுக்குள் நுழைந்ததும் மனம் தானாக வரிசை போட ஆரம்பித்தது. கை கழுவத் தொட்டி இருக்கிறது. குழாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பக்கெட்டில் மருந்துத் தண்ணீர். கட்டு மாற்றுகிறவரும் சாப்பாடு கொண்டுவருகிறவரும் அதிலேயே கை நனைக்கிறார்கள். சுவரில், கை கழுவும் முறை பற்றிய படம். அழகாக லேமினேட் செய்தது.

சிஸ்டரிடம் சொன்னேன். "வாஷர் போயிடுச்சும்மா. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சு." ஆபீசில் கேட்டேன். "அது என் செக்‌ஷன் இல்ல." எந்த செக்‌ஷனோ, அங்கே ஆள் லீவு. "இவ்ளோ பேசறியே, உங்க பிரைவேட்லயே சேர்த்திருக்கலாமே?" என்றார் இன்னொருவர். இதற்குள் புண்ணின் ஓரம் மறுபடி சிவக்கத் தொடங்கியது.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் வந்தார்கள். வியாதியஸ்தர் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்பது எங்கள் வழக்கம். அவர்களில் கிரேஸ் அக்காவுக்கு அது போதவில்லை. வலிக்கும் இடத்திலேயே பூச வேண்டும் என்று கட்டின் ஓரத்தை விரலால் தூக்கினார். பஸ் கம்பியைப் பிடித்து வந்த விரல்.

"அக்கா, கையை எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஏண்டி, சோப்பு போட்டாத்தான் கர்த்தர் கேப்பாரா?"

"கர்த்தர் கேப்பாருக்கா. கிருமி கேக்காது."

"எங்கடி கழுவறது? குழாயையே கட்டி வெச்சிருக்காங்க."

"அதைத்தானே நானும் எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கேன்!"

அக்கா முகம் சுண்டிப்போய்க் கிளம்பிவிட்டார்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபித்தேன். அழகான ஜெபமெல்லாம் இல்லை. "ஆண்டவரே, கேக்க வேண்டியவங்க எல்லாரையும் கேட்டுட்டேன். உம்மைத் தவிர ஆள் பாக்கி இல்ல. அற்புதம்கூட வேணாம். தண்ணி வேணும்."

மறுநாள் காலை கிரேஸ் அக்கா வீட்டுக்காரரோடு வந்து நின்றார். தாவீது அண்ணன் உப்பளத்து மோட்டார், பைப் வேலை பார்ப்பவர். கையில் புதுக் குழாய்.

"ஜெபம் பண்ண உக்காந்தா நீ கத்தினதுதான் காதுல விழுது. வேற ஒண்ணும் கேக்கல" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

சிஸ்டர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "வால்வு அந்தப் பக்கம் இருக்குதுண்ணா. சீக்கிரம் முடிங்க" என்றார். ஒரு டீ குடிக்கும் நேரம்தான். தண்ணீர் வந்தது. எனக்கு அழுகை வந்தது.

அக்கா சோப்போடு தொட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கூடத் தப்பவில்லை. "சார், கை?" சிஸ்டர் தானே பக்கெட்டை வெளியே தூக்கிப்போனார். ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் சோப்பு போட்டார். ஊசி மருந்தையும் மாற்றினார்கள். சிவப்பு இறங்கியது. சுண்டுவிரல் போனது, கால் தப்பியது. இப்போது ரப்பர் பூட்ஸுக்குள் முனகிக்கொண்டே அப்பா பாத்தி மிதிக்கிறார். தேவனுக்கே மகிமை.

அதற்காக நான் சாந்தமாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த வார்டுக் குழாய் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. ஸ்தோத்திரமும் சொல்கிறேன், புகாரும் கொடுக்கிறேன். அலுத்துப்போய், எரிச்சலோடு கேட்டாலும் ஆண்டவர் முகம் சுளிப்பதில்லை. நீங்களும் கேட்டுப் பாருங்கள். வியாதியஸ்தரைப் பார்க்கப் போனால், ஜெபிக்கும் முன் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். அதுவரை ஆண்டவர் காத்திருப்பார்.