எனக்கில்லாத ஓட்டு

கல்யாணமாகி மலேசியாவிலிருந்து தி.நகருக்கு வந்தவள் நான். புது மருமகளுக்குச் சமையல், மாமியார், நாத்தனார் என்று ஆயிரம் பயம் இருக்கும். எனக்கு இருந்தது ஒரே பயம், போலீஸ் பயம். வெளிநாட்டுக்காரி என்பதால் வந்த கையோடு பெயரைப் பதிய வேண்டும், வருஷா வருஷம் விசாவை நீட்டிக்க வேண்டும், வீடு மாறினால் சொல்ல வேண்டும். பதிவு அலுவலகத்து அதிகாரி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "குடியுரிமை கிடைக்கிற வரைக்கும் உங்களுக்கு இங்க ஓட்டு கிடையாதும்மா. மீறிப் போட்டீங்கன்னா கேஸாயிடும். ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அத்தை, அதாவது என் மாமியார், சிரித்தே விட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பாத்திரக்கடை போட்ட குடும்பம். எத்தனை வருஷமானாலும் அவர் பேச்சு மட்டும் மாறவில்லை.

"கழுத்துல தாலி ஏறுன அன்னைக்கே நீ இந்த ஊருக்காரிட்டி. பொறவு என்ன மலேசியா?"

சட்டம் தாலியைப் பார்க்காது என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? நானும் விட்டுவிட்டேன்.

வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத ஆள் வந்தபோது நான் மாடியில் என் கைப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அத்தை வாசலில் நின்றபடியே என் பெயரையும் பெருமையாகக் கொடுத்தனுப்பிவிட்டார். எனக்கு அது தெரிய வந்ததே, தேர்தலுக்கு முதல் நாள் கட்சிக்காரர்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன சீட்டில் என் பெயரைப் பார்த்தபோதுதான். பிள்ளைக்கு இன்னும் நடக்கக்கூட வரவில்லை. அவன் இந்த நாட்டுக்காரன், நான் இல்லை. என்னை அனுப்பிவிட்டால் அவன் இங்கே, நான் அங்கே.

"அத்தை, போட்டா ஜெயிலு" என்றேன்.

"ஏன், நீ என்ன களவா எடுக்கப் போற?"

என் வீட்டுக்காரரிடம் அழுதேன். "அம்மாகிட்ட இப்ப யாரு பேசுறது? வரிசையில நில்லு. பாதில தலை சுத்துதுன்னு சொல்லிட்டு வந்துரு" என்றார். அவருக்கென்ன! பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம்.

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. பெண்கள் வரிசையில் எனக்குப் பின்னாலேயே அத்தை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் "எங்க மருமவளுக்கு இதுதான் மொத ஓட்டு" என்று தம்பட்டம். நானோ, முன்னால் ஒவ்வொருத்தியாக உள்ளே போகப் போக, உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் விசா நீட்டிக்கப் போக வேண்டும். மை வைத்த விரலோடு பதிவு அதிகாரியின் மேசைக்கு முன்னால் எப்படி நிற்பேன்?

"அத்தை, தலை சுத்துது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்! "பச்சப்புள்ளக்காரி, மயக்கம் வருதுங்கா. கொஞ்சம் முன்னால விடுங்க தாயி" என்று அத்தை ஒரு குரல் கொடுத்தாரே பார்க்கலாம். மொத்த வரிசையும் வழி விட்டது. இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாகவே வாசற்படி ஏற்றிவிட்டார்கள். பாவிகளா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

மேசையில் இருந்தவர் என் சீட்டை வாங்கிப் பெயரைச் சத்தமாகப் படித்தார். பட்டியலைப் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"இந்தப் பேர்ல ஏற்கெனவே ஓட்டு போட்டாச்சேம்மா."

அப்பாடா! எவளோ ஒரு புண்ணியவதி என் ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. அப்படியென்றால் அரசாங்கக் கணக்கில் நான் ஓட்டுப் போட்டவள் அல்லவா? அதற்குள் பின்னால் இருந்து அத்தை மேசைக்கே வந்துவிட்டார்.

"எவ போட்டா? எங்க மருமவ ஓட்டை எவ வந்து போட்டா? இவ இப்பந்தான வாரா! விரலைப் பாரும்யா!" என் கையைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

தலைமை அதிகாரி எழுந்து வந்தார். "சத்தம் போடாதீங்கம்மா. இவங்கதான் அவங்கன்னு ஏதாவது அத்தாட்சி காட்டட்டும். தனியா ஒரு ஓட்டுச்சீட்டு தர்றோம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

"அத்தாட்சிதான? பாஸ்போட்டே இருக்கு! போட்டோவோட இருக்கு! ஓடிப் போய் எடுத்துட்டு வாரேன்" என்று அத்தை புறப்பட்டேவிட்டார்.

கடவுளே, என் மலேசியப் பாஸ்போர்ட்டை! அவர் முந்தானையை எட்டிப் பிடித்தேன். வேறு வழியே இல்லை.

"சார், எனக்கு ஓட்டே கிடையாது. தெரியாம பேரைச் சேத்துட்டாங்க. நான் இந்த நாட்டுக்காரி இல்ல."

வாசலில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து காய்கறிக்காரனிடம் பேரம் பேசியிருக்கிறேன், அவர்களுடைய வளைகாப்புக்கெல்லாம் போய்ப் பாடியிருக்கிறேன். ஒரே வாக்கியத்தில் எல்லோருக்கும் அந்நியமாகிவிட்டேன்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டு ஒருவன் சிரித்தான். "இன்னாம்மா நீ, இல்லாத ஓட்டுக்கா இம்மாம் சண்ட போட்ட?"

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பேரை எடுக்கச் சொல்லி உடனே எழுதிக் குடுங்க. பதிவு ஆபீஸ்லயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க. அவங்களா விசாரிக்க வந்தா கஷ்டம்" என்றார்.

அத்தை தன் ஓட்டைப் போடாமலேயே வெளியே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பதிலுக்குக் கத்திவிடுவது என்று ஆத்திரத்தோடுதான் நடந்தேன். பாதி வழியில் நின்றார். அந்த முகத்தில் அப்படியொரு பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நெசமாவே அனுப்பிருவாங்களாட்டி?"

"தெரியல அத்தை."

வீட்டுக்குப் போனதும் பட்டப்பகலில் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். சாயங்காலம் யாரோ மணி அடித்தார்கள். பிள்ளையை என் இடுப்பில் ஏற்றி, எங்கள் இருவரையும் சமையலறைக்குள் தள்ளிவிட்டுப் போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். வந்தவர் இஸ்திரிக்காரர். தினமும் வருகிற மனிதர்தான். அவரிடம் அத்தை சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

"வீட்டுல மருமவள்னு யாரும் இல்லைய்யா. நான் மட்டுந்தான் இருக்கேன்."