நீங்க இரிங்க மாமா

போன வெள்ளிக்கிழமை என் மருமகன் என்னிடம் மூன்று சொற்கள் சொன்னார். மிகவும் மரியாதையான சொற்கள். கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. உடம்பில் சீனி குறைந்துவிட்டதென்று நினைத்து மனைவி ஒரு கரண்டி சீனியை என் வாயில் போட்டாள். சீனி கூடிவிட்டதென்று நினைத்து மகள் அதைத் துப்பச் சொன்னாள். பாதியை விழுங்கிப் பாதியைத் துப்பி இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினேன். பாவம் அந்தப் பிள்ளை, அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க இரிங்க மாமா."

இதே சொற்களை நான் முதலில் கேட்டது பத்து வயதில். அன்று அவை வாப்பாவுக்குச் சொல்லப்பட்டன. அன்றைக்கும் நான் பதறிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வேறு ஏதோ ஒன்றுக்காக.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு என்பது பெண்களின் சொத்து. ஆண் பிள்ளை கலியாணம் முடித்ததும் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கேயிருந்து உழைப்பான், மதில் கட்டுவான், ஓடு மாற்றுவான். மகள் பெரியவளானதும் அதை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின் வளவில் தகரம் போட்ட ஒரு சின்ன வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்வான். இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் இருப்பதில்லை. மாரியில் மழை வருவதைப் போல அது வரும்.

வாப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். முத்திரை விற்பதுதான் வேலை. ஊர் அவரைப் போஸ்ட் மாஸ்டர் என்றுதான் அழைத்தது, அவரும் மறுத்ததில்லை. உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் இரண்டு அறையும் ஒரு குசினியும்தான் இருந்தன. முன்பக்கத்துப் பெரிய ஹோலை வாப்பாதான் கட்டினார், வெள்ளிக்கிழமைகளுக்காக. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேர் வருவார்கள். வாப்பாவோடு ஆறு. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர்தான் உட்காரலாம். அந்தப் பெரிய தட்டில் சோற்றைக் குவித்துக் கறிகளை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டு வருவார்கள். "ஏழாவது ஆள் வந்தா அது ஊருக்குப் போடுற கந்தூரி. விருந்து இல்ல" என்பது வாப்பாவின் கொள்கை.

விருந்து வைப்பதில் அவருக்கு இன்னும் பல கொள்கைகள் இருந்தன. கதிரைகளைச் சுவரோரமாக வரிசையில் போட்டால் ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருப்பது போல இருக்குமென்று கோணல்மாணலாகப் போடுவார். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மருதமுனைக் கைத்தறித் துணியைக் கூடுபோலச் சுற்றிய மஞ்சள் பல்பை எரிய விடுவார். 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று ஒருவரையும் வற்புறுத்த மாட்டார். வீட்டுக்காரன் ஓடித் திரிந்தால் வந்தவனுக்குச் சோறு இறங்காது என்பார். அதனால் அவர் ஓடவே மாட்டார். நீலச் சாரனில் ஒரு சுருக்கம் விழாமல் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கும் சேர்த்து உம்மா குசினிக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஐந்து பேருக்கும் கடைசிவரை தெரியாது.

அவர் எழும்புவது ஒரேயொரு வேலைக்கு. சஹன் வந்ததும் மூக்கு நீண்ட பித்தளைக் கெண்டியையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஒருநாள் நான் கேட்டும் கெண்டியைத் தரவில்லை.

"சோத்த ஆரும் ஆக்கலாம் மனெ. தண்ணி வீட்டுக்காரன்தான் ஊத்த வேணும்."

மாரி தொடங்குவதற்கு முன் என் அக்கா, ராத்தாவின் கலியாணம் முடிந்தது. நாங்கள் மூன்று பேரும், வாப்பா, உம்மா, நான், பின் வளவுக்குப் போனோம். போனோம் என்று சொல்லக்கூட முடியாது. முற்றத்தைக் கடந்தால் வந்துவிடும். மச்சான் பொத்துவில்காரர். அறுகம்பையில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வேலை செய்தவர். அவருக்கும் விருந்து என்றால் உயிர். வந்த வேகத்தில் ஹோலில் பன்பாய் விரித்துத் தலையணைகளைப் போட்டார். போத்தலுக்குள் மெழுகுதிரி வைத்தார். வாப்பாவின் துணி விளக்கை மட்டும் கழற்றவில்லை. "மாமாட கைவேல என்ன வடிவா இரிக்கி" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும்.

ஒருநாள் வாப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பஸாருக்குப் போனேன். பலகை விற்கும் மரக்காலை வைத்திருந்த ஹாஜியாரும், மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற, பள்ளிக்கூடத்துக் கணக்கு சேரும் ஒரு கடை வாசலில் நின்றிருந்தார்கள். இருவரும் வெள்ளிக்கிழமைக்காரர்கள்.

"என்ன போஸ்ட் மாஸ்டர், மகள்ட கலியாணத்தோட எங்கள மறந்திட்டீங்களோ?" என்றார் ஹாஜியார்.

"சஹன்ல என்ட பக்கம் ரெண்டு மாசமாப் பட்டினி கிடக்கு" என்றார் கணக்கு சேர்.

வாப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே, பழக்கத்தில், "இதுக்கென்ன, இந்த வெள்ளிக்கிழமை வாங்க. மத்தவங்களுக்கும் சொல்லிருங்க" என்றார். திரும்பி வரும் வழியில் சைக்கிள் ஒரு மாதிரியாக ஆடியது. வீட்டுக்குக் கிட்டே வந்ததும், "மனெ, ராத்தாட்ட நான் சொல்றன். நீ வாயத் திறவாத" என்றார்.

திறக்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அடுத்த நாள் வாப்பா முற்றத்தைக் கடந்து முன்வீட்டுக் குசினி வாசலுக்குப் போனார். உள்ளே ராத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "கொஞ்சம் தண்ணி தா மகள்" என்றார். குடித்தார். கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதற்கடுத்த நாளும் போனார், நின்றார், தண்ணீர் குடித்தார், வந்தார். பின்வீட்டிலும் எங்களுக்கு ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அந்தக் கிழமை வாப்பாவுக்கு ஏதோ தாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மச்சான் சொன்னது காதில் விழுந்தது: நாளை மாலை பொத்துவிலிலிருந்து அவருடைய கூட்டாளிகள் வருகிறார்கள், வாப்பாவும் இருக்க வேண்டும், சேர்த்து ஒரு சஹன்.

என் பதற்றம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. உலகத்தில் இரண்டு விருந்தும் தெரிந்த ஒரே ஆள் நான். என் கணக்கில் வரப்போவது ஒரு சஹன் சோறும் இரண்டு சஹன் வாயும். அன்றிரவு கனவில் ஹாஜியார் வெறும் தட்டை நக்கினார். ஜும்ஆவில் குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது நான் கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு கையேந்தி, வாப்பாவின் கூட்டாளிகள் ஐந்து பேருக்கும் வயிற்றோட்டம் வர வேண்டுமென்று அல்லாஹ்விடம் கேட்டேன். மௌத்தாகும் அளவுக்கு வேண்டாம், லேசாக, இன்று ஒரு நாளைக்கு மட்டும்.

தொழுது முடித்து வந்து முன்வீட்டுக் குசினியில் பார்த்தேன். சோற்றுப் பானை சின்னப் பானை. தாங்க முடியவில்லை. உம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஆரு வரச் சொன்ன?"

"வாப்பாதான். பஸாருல வெச்சு. கணக்கு சேரும் வாறாரு. சோறு காணாது உம்மா."

உம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால் திட்டவில்லை. "பாவம், அவருக்குக் கேக்கத் தெரியா" என்றாள். பிறகு ராத்தாவின் காதில் சொன்னாள். ராத்தா உள்ளே போய் மச்சானிடம் சொன்னாள். மச்சான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இதுக்கென்ன மாமி. ரெண்டு சஹனாப் போடுவம். மாமாட கூட்டாளிமாரு எண்டா எங்கட கூட்டாளிமாருதானே."

பெரிய பானை அடுப்பில் ஏறியது. எனக்குப் பாதி உயிர் வந்தது. மற்றப் பாதி, சோறு கண்ணுக்குத் தெரிந்தபிறகு வரட்டுமென்று வெளியே நின்றது.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. முதலில் வந்தவர் கணக்கு சேர், குடையும் ஆளுமாகப் பூரண சுகத்தோடு. என் துஆ ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று அப்போதே தெரிந்தது. மற்றவர்களும் வந்தார்கள். பொத்துவில் வேன் வந்தது. மச்சான் இளசுகளையும் மூத்தவர்களையும் கலந்து உட்கார வைத்தார். உயரக் கிளாசில் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தார். மேலே புதினா இலை மிதந்தது.

"மகன், புதினாவ நான் சம்பல்லதான் கண்டிரிக்கன்" என்றார் ஹாஜியார். "இது நீந்தவும் செய்யுமோ?"

ஹோல் முழுக்கச் சிரித்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஹோலில் அதுவரை நடந்த விருந்துகளில் அதுதான் மிகச் சிறந்தது. ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் வற்புறுத்தவில்லை. வாப்பாவின் கொள்கைகள் ஒன்றுகூடத் தவறவில்லை. வழமையாக வாப்பா குசினி வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவார், எழும்பிப் போக வசதியாக. அன்று மச்சான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் சுவரோரத்தில், நல்ல தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார். அங்கிருந்து எழும்புவதென்றால் இரண்டு பேரைத் தாண்ட வேண்டும்.

பொத்துவில்காரர் ஒருவர் மழைக்கு வரவில்லை. வாப்பாவின் சஹனில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "வாங்க, ஆறாவது ஆள் நீங்கதான்." எனக்குத் தரையில் கால் படவில்லை. வாப்பாவுக்குப் பக்கத்தில் பெரிய மனிதன் போலக் கால் மடக்கி உட்கார்ந்தேன்.

சஹன் வந்தது. சோற்றின் உயரத்தைப் பார்த்ததும் என் மீதி உயிரும் வந்து சேர்ந்தது. முட்டை ஆளுக்கொன்று, கோழி தாராளம். அல்ஹம்துலில்லாஹ் என்று நிமிர்ந்தபோது வாப்பா எழும்பி நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரைத் தாண்டிச் சுவர் மாடத்தை நோக்கிக் கையை நீட்டினார். கெண்டி வைக்கும் இடம் அது.

மாடம் காலியாக இருந்தது. கெண்டி மச்சானின் கையில் இருந்தது.

"நீங்க இரிங்க மாமா."

வாப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "இல்ல மகன், நான்" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. ஹாஜியார் புதினா இலையை விரலால் கிளாசுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். கணக்கு சேர் தன் சேட்டுப் பொத்தானைப் பார்த்தார். வாப்பா மெதுவாக உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். மச்சான் அவர் முன்னால்தான் முதலில் குனிந்தார், நன்றாகவே குனிந்தார். தண்ணீர் விழும் சத்தம் தாம்பாளத்தில் கேட்டது. "இப்பிடி ஒரு மருமகன் கிடைக்க வேணுமே" என்று யாரோ சொன்னார்கள். அடுத்தது என் கை. எனக்கும் ஊற்றினார்.

சாப்பாடு முடிந்தது. மச்சான் டோர்ச் லைட்டோடு வாசல் கடப்படிவரை வந்து ஒவ்வொருவராக வழியனுப்பினார். ஹாஜியார் ஸலாம் சொன்னார். கணக்கு சேர் "போயிட்டு வாறன் மகன், நல்ல சாப்பாடு" என்றார். அவருக்குப் பின்னால் வாப்பா நின்றார். மச்சானின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லி, "நல்லா இருந்திச்சி மகன்" என்று சொல்லிவிட்டு, அவர்களோடு சேர்ந்து ரோட்டில் இறங்கினார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"வாப்பா, நீங்க எங்க போறீங்க? நம்மட ஊடு இஞ்சதானே."

வேறு யாரும் சிரிக்கவில்லை. கணக்கு சேர் தன் குடையை வாப்பாவின் தலைக்கு மேல் நகர்த்தினார்.

"சும்மாதான் மனெ. இவங்கள ரோட்டு முடுக்கு மட்டும் உட்டுட்டு வாறன்."

அதற்குப் பிறகு வாப்பா அந்த ஹோலுக்கு யாரையும் அழைக்கவில்லை. "கூட்டாளிமாரக் கூப்பிடுங்க மாமா" என்று மச்சான் எத்தனையோ தடவை கேட்டார். "பாப்பம் மகன்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் ஐந்து பேரும் அவரும் பஸாரில் ஒரு தேத்தண்ணிக் கடையின் நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல. கடைத் தேத்தண்ணி அவ்வளவு ருசி என்று நினைத்தேன். இப்போது கெண்டி ஒருவர் வீட்டிலும் இல்லை. மகளுக்கு எழுதிக் கொடுத்த என் ஹோல் மூலையில் குழாயே இருக்கிறது. தப்பிவிட்டேன் என்றுதான் நம்பியிருந்தேன். போன வெள்ளிக்கிழமை, வந்தவர்களுக்கு, மருமகன் கையிலிருந்து தேத்தண்ணித் தட்டை வாங்கிக் கொடுக்க நான் கையை நீட்டினேன். அவ்வளவுதான்.

மச்சானின் விருந்து நடந்த அன்றிரவு வாப்பா திரும்பி வரச் சுணங்கிவிட்டது. பின் ஒழுங்கைப் பக்கமாக, சேறு மிதித்து வந்தார். நீலச் சாரன் முழங்கால்வரை நனைந்து கசங்கியிருந்தது. உம்மா துவாயை நீட்டினாள். நான் பாயில் எழும்பி உட்கார்ந்தேன். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நல்ல செய்தி இருந்தது.

"வாப்பா, சோறு மிஞ்சிட்டு. நான்தான் சும்மா பயந்திரிக்கன்."

"ஓம் மனெ. நல்ல காலம்."

அவர் முகம் தெளியவில்லை. அவரைச் சந்தோசப்படுத்த வேண்டும் போல இருந்தது. என் இரண்டு கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டிக் காட்டினேன்.

"மச்சான் எனக்கும் தண்ணி ஊத்தினாரு வாப்பா, கண்டீங்களா? நம்ம ரெண்டு பேருக்கும். ஒரே மாதிரி."